நடுவில் ஆறு பேர்

கோல்கீப்பரை விட்டுவிட்டால் பின்னால் மூன்று பேர், முன்னால் ஒரே ஒருவன், நடுவில் ஆறு பேர். தேசிய அணி இப்படி இறங்க ஆரம்பித்ததிலிருந்து நாட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. முடிவெட்டும் கடையில் கத்தரி நின்றாலும் பேச்சு நிற்காது. "நடுவுல ஆறு பேர் நின்னு என்ன பண்றாங்க, சங்கக் கூட்டமா?" என்று ஒருவர் கேட்பார். "யார் கோல் போடறதுன்னு இன்னும் ஓட்டெடுப்பு முடியலையாம்" என்று கழுத்தில் துணி சுற்றியபடியே இன்னொருவர் சொல்வார். பந்தைக் காலால் தொட்டுப் பல வருஷம் ஆனவர்கள்தான் இப்படி அதிகம் பேசினார்கள். டிவியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த பழைய ஆட்டக்காரர்கள் அதற்கும் மேலே போய், கோச்சுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று புள்ளிவிவரத்தோடு நிரூபித்தார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கோச் செய்ததில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. வீட்டில் இருப்பதை வைத்துத்தானே சமைக்க முடியும்? கோல் போடத் தெரிந்தவர்கள் அவருக்கு வாய்க்கவில்லை. பந்தைப் பக்குவமாக வாங்கிப் பக்குவமாகக் கொடுக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களை எல்லாம் நடுவில் நிறுத்தி, பந்தை நம் காலிலேயே வைத்துக்கொள்ளலாம், எதிராளி அலைந்து களைத்த பிறகு ஒரு கோல் போட்டால் போதும் என்பது அவர் கணக்கு. கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது, அதுவும் அவருக்குத் தெரியும். எல்லோரும் நடுவில் கூடிவிட்டால் ஓரம் காலியாகிவிடும். பந்து பறிபோன மறுகணம் எதிராளி அதை ஓரத்துக்கு, அதிலும் நம் இடது ஓரத்துக்குத் தூக்கிப் போடுவான்.

அந்த ஓட்டையை அடைக்க ஒருவன் இருந்தான். ஆறு பேரில் கடைசியாக, பின்னால் நிற்கும் மூவருக்குச் சற்று முன்னால் நிற்பவன். பந்து போனதும் இடது பக்கம் நகர்ந்து வழியை மறிப்பது அவன் வேலை. கோச் அந்த இடத்துக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார். பூட்டு நேரத்துக்கு விழுந்தால் வீடு பத்திரம். அந்த இடத்தில் ஆடியவன் கேப்டன். கேப்டன், அணியின் வீடியோக்காரருக்கு உடன்பிறந்த தம்பி.

தம்பி தயவில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தம்பி அணிக்குள் வருவதற்கு முன்பே அவர் அங்கே இருந்தார். அவர் கண் அப்படி. ஆட்டத்தின்போது ஸ்டேடியத்தின் உச்சியில், கூரைக்குக் கீழே ஒரு தகரத் தடுப்புக்குள் உட்கார்ந்து, மைதானம் முழுவதும் தெரியும்படி படம் எடுப்பார். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி ஓடும். பந்து இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. கோச் கோட்டோரம் நிற்பார். அவருக்குக் கால்களின் கூட்டம்தான் தெரியும். முழு ஆட்டமும் இருப்பது வீடியோக்காரரிடம் மட்டும். மறுநாள் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுப்பார். துண்டை எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது என்பதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். அவர் எங்கே ஆரம்பிக்கிறாரோ அங்கேதான் தப்பும் ஆரம்பிக்கும். அதற்கு முந்தி நடந்தது கணக்கில் வராது.

சில மாதங்களுக்கு முன்னால் ஓர் ஆட்டம் முடிந்து தம்பி அவருடைய அறைக்கு வந்தான். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் கிடந்த கேபிள்களை ஒதுக்கி உட்கார்ந்தான்.

"அண்ணா, வலது முட்டி ஒரு மாதிரியா இருக்கு. திரும்பறப்ப பிடிக்குது. மேலேருந்து பாத்தா தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலடா."

"நிஜமாவா? உள்ள நிக்கறப்ப எனக்கு ஒண்ணும் புரியல. சரியா ஓடற மாதிரிதான் இருக்கு. டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

"தெரிஞ்சா நான் சொல்ல மாட்டேனா? போய்த் தூங்கு."

அன்றைக்கு அது பொய் இல்லை. அடுத்த ஆட்டத்தில்தான் தெரிந்தது. பந்து பறிபோகிறது, எல்லோரும் திரும்பி ஓடுகிறார்கள், தம்பி மட்டும் சந்துக்குள் மாட்டிக்கொண்ட லாரி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறான். திரும்பியவன் ஓடவில்லை. நடக்கிறான். வீடியோக்காரர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அப்பா இல்லாத வீட்டில் பத்து வயது மூத்தவர் பாதி அப்பா. கோச் இதைப் பார்த்தால் தம்பியின் கதை முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கெட்ட நாள் எல்லோருக்கும் உண்டு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, துண்டின் ஆரம்பத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கண் இமைக்கிற நேரம்தான். தம்பி நடப்பது போய்விட்டது. துண்டு இப்போது எஞ்சின் ஓடி வருகிற இடத்தில் ஆரம்பித்தது.

எஞ்சின் என்பது பட்டப்பெயர். ஆறு பேரில் இடது கோடியில் ஆடுகிறவன். மூச்சு வாங்காமல் ஓடுவான், அதனால் அந்தப் பெயர். ஓட்டையை அடைப்பது முதலில் அவன் வேலையே அல்ல. அவன் எதிராளியின் பக்கத்தில் முன்னேறி நிற்க வேண்டியவன். பூட்டு விழவில்லை என்று தெரிந்ததும் அவன் பாட்டுக்குப் பாதி மைதானத்தைக் கடந்து ஓடிவந்து அந்த வழியை அடைத்துக்கொண்டிருந்தான். பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுவான். சில தடவை ஓரடி பிந்திவிடும். வீடியோக்காரரின் துண்டுகளில் அந்த ஓரடி மட்டும்தான் இருந்தது.

அது ஓர் ஆட்டத்தோடு நிற்கவில்லை. தம்பி ஒவ்வொரு முறையும் வந்து கேட்டான், அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒன்றும் தெரியவில்லை என்றார். தம்பிக்கும் வெட்டிய துண்டுகளைத்தான் காட்டினார். அவனும் அவற்றைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போனான்.

பெரிய போட்டிக்குத் தகுதி பெற இன்னும் ஒரே ஆட்டம் பாக்கி. டிரா செய்தாலே போதும். ஆனால் எதிரணி ஓரம் ஓரமாகவே ஆடிப் பிழைப்பு நடத்துகிற அணி. அதனால் ஓட்டலின் கூட்ட அறையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கோச் இடது பக்கத்துத் துண்டுகளை மட்டும் வரிசையாகப் போடச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒரே கதை. வழி திறந்து கிடக்கிறது, எஞ்சின் ஓடி வருகிறான், ஓரடி பிந்துகிறான்.

"எஞ்சின், இது என்னப்பா?" என்றார் கோச்.

"வந்துட்டேன் சார். ஒரு அடி லேட்டாயிடுச்சு."

முன்வரிசையில் இருந்த தம்பி எழுந்து திரும்பினான். கேப்டன் என்றால் நாலு வார்த்தை பேசித்தானே ஆகவேண்டும். "ஒவ்வொரு தடவையும் ஒரு அடியா? நடுவுல நான் ஒருத்தனே எவ்வளவுதான் பாக்கறது? மூச்சு இல்லன்னா சொல்லிடு. சோம்பேறிக்கெல்லாம் இந்த டீம்ல இடம் இல்ல."

எஞ்சின் கேப்டனைப் பார்க்கவில்லை. அறையின் பின்னால், புரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீடியோக்காரரைப் பார்த்தான். அவர் குனிந்து, நன்றாக மாட்டியிருந்த ஒரு வயரைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

கோச் வெள்ளைப் பலகையில் எஞ்சினை அழித்தார். அந்த இடத்தில் 'தையல்காரன்' என்று எழுதினார். அதுவும் பட்டப்பெயர்தான், சின்னச் சின்னப் பாஸாகத் தைத்துக்கொண்டே போகிறவன், ஆனால் ஓடச் சொன்னால் ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டும். "இவன் பந்தை விடவே மாட்டான். பந்து போனாத்தானே ஓடணும்?" என்றார் கோச். எல்லோரும் சிரித்தார்கள்.

வீடியோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஓட்டையை இத்தனை நாளும் அடைத்துக்கொண்டிருந்தவன் யார் என்று அந்த அறையில் அவருக்குத்தான் தெரியும். தம்பியை மறைக்கப் போய், தம்பிக்கு முட்டுக் கொடுத்து நின்றவனையே உருவிப் போட்டுவிட்டார். ஆளை எடுக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் எஞ்சின் அவர் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே வந்தவன் உட்காரவில்லை.

"சண்டை போட வரல சார். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கிளிப்பு எப்பவும் நான் ஓடி வர்ற இடத்துலதான் ஆரம்பிக்குது. ஒரு தடவையாவது கொஞ்சம் முன்னாடி ஆரம்பிப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீயே கோச்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் வீடியோக்காரர். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இடம் போனவன் என்ன சொன்னாலும் வயித்தெரிச்சல்னுதான் சொல்வாங்க. அதுவும் கேப்டன் மேல. நீங்க சொன்னாத்தான் எடுபடும்." கதவுவரை போனவன் நின்றான். "கேப்டனுக்கு இது தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அவர் அப்படிப் பேசற ஆளே இல்ல. அதனாலதான் நான் வாயைத் திறக்கல."

ஆட்டத்தன்று காலையில் வீடியோக்காரர் ஒரு முடிவோடு கோச்சின் அறைக்குப் போனார். சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும், தம்பி முகத்தில் இனி முழிக்க முடியாமல் போனாலும் போகட்டும். போனால் அங்கே தம்பியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். போனில் அம்மா. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்திருந்தான்.

"அண்ணன் இருக்கானாடா பக்கத்துல?"

"இப்பத்தான் உள்ள வர்றான்மா."

"அவன் பாத்துப்பான். அவன் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல."

கோச் அன்று என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தில் இருந்தார். "வாங்க வாங்க. புதுசா ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?"

தம்பி கோப்பையை வைத்துவிட்டு ஆவலாக நிமிர்ந்து பார்த்தான். சொல்ல வேண்டிய இடம் அதுதான், நேரமும் அதுதான். வீடியோக்காரர் ஜன்னலைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார். மழை வரலாம்னு சொல்றாங்க. பந்து வழுக்கும்" என்றார். வெளியே வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. கோழைக்கு வாயில் வருவது இப்படித்தான் இருக்கும்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்வரை எல்லாம் கோச் சொன்னபடியே நடந்தது. ஆறு பேரும் பந்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். தையல்காரன் தைத்தான். எதிரணிக்காரர்கள் பின்னாலேயே அலைந்தார்கள். கூட்டம்கூடக் கைதட்டியது. பிறகு ஒரு பாஸ், ஒரு சாண் பிசகியது. அவ்வளவுதான். எதிராளி பந்தைப் பறித்து இடது ஓரத்துக்குத் தூக்கிப் போட்டான். தகரத் தடுப்புக்குள் இருந்த வீடியோக்காரருக்கு மைதானம் முழுவதும் தெரிந்தது. தம்பி திரும்பினான். நடந்தான். யாராவது ஓடி வருகிறார்களா என்று வீடியோக்காரர் பழக்கத்தில் அந்தக் கோடியைப் பார்த்தார். யாரும் வரவில்லை. எஞ்சின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிராளி, வீட்டுக்குள் விருந்தாளி நுழைகிற மாதிரி, நிதானமாக உள்ளே வந்து கோல் போட்டான்.

அதன் பிறகு அந்த வழியாகவே வந்தார்கள். கோல்கீப்பர் புண்ணியத்தில் இன்னொன்று விழவில்லை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. யாரைத் திட்டியது? பந்துக்குப் பக்கத்தில் நின்ற இடது பக்கத்து டிஃபென்டரை, தையல்காரனை, கோச்சை, கோச்சின் குடும்பத்தை. கேப்டனை ஒருவரும் திட்டவில்லை. அவன் பந்துக்குப் பக்கத்தில் எங்கேயுமே இல்லையே.

ஹாஃப் டைமில் மடிக்கணினியோடு கீழே ஓடிப்போய் உடை மாற்றும் அறையில் இரண்டு மூன்று துண்டுகள் காட்டுவது வீடியோக்காரரின் வேலை. படிக்கட்டில் இறங்கினார். கோல் விழுந்த துண்டைத் தையல்காரன் இருக்கிற இடத்திலிருந்து ஆரம்பித்தால் போதும். பழி அவன் மேல் போய்விடும். கை அந்த இடத்துக்குத்தான் பழகியிருந்தது. நடுப்படியில் சுவரில் சாய்ந்து நின்று, மடிக்கணினியை முழங்கையில் தாங்கிக்கொண்டு, ஆரம்பத்தைப் பின்னுக்குத் தள்ளினார். பந்து பறிபோவதற்கும் முந்திய இடம்வரை தள்ளினார். பிறகு போன ஆட்டத்திலிருந்து ஒன்றை எடுத்து அதையும் அப்படியே வைத்தார்.

அறையில் களிம்பு வாசனையும் ஈரக் காலுறை நாற்றமும் அடித்தது. கோச் கத்தி ஓய்ந்திருந்தார். "இடது பக்கம் போடுங்க" என்றார்.

வீடியோக்காரர் போட்டார். பந்து போனது. எல்லோரும் ஓடினார்கள். ஒருவன் நடந்தான். அடுத்தது போன ஆட்டம். பந்து போனது, அதே ஒருவன் நடந்தான், தூரத்துக் கோடியிலிருந்து எஞ்சின் புறப்பட்டு பாதி மைதானத்தைக் கடந்து, நடந்துகொண்டிருந்தவனையும் தாண்டி ஓடி, ஓரடி பிந்தினான்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கோல்கீப்பர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவ போடு" என்றான் தம்பி.

போட்டார். தம்பி எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான்.

"இது போன ஆட்டம்தானே? நீ எனக்குக் காட்டினதுல இது இல்லையே."

"இல்ல."

"வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன்டா."

"அதுக்கு முந்தின ஆட்டம்?"

அவர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். கோச் வீடியோக்காரர் பக்கம் திரும்பினார். ஆனால் நேரம் இல்லை, திட்டுவதற்குக்கூட நேரம் இல்லை.

"சார், என்னை எடுத்துடுங்க" என்றான் தம்பி. கேப்டன் பட்டையைக் கழற்றிக் கோல்கீப்பர் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான்.

கோச் நடுவிலிருந்து ஒருவனைப் பின்னால் இழுத்து நால்வராக்கினார். எஞ்சினை இடது ஓரத்தில் இறக்கினார். ஆறு ஐந்தாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததை நாடே பார்த்தது. எஞ்சின் அடைத்தான், ஏறினான், மறுபடி அடைத்தான். ஆட்டம் முடியப்போகிற சமயத்தில் அவன் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிய பந்தைத் தையல்காரன் காலை நீட்டிக் கோலாக்கினான். ஒன்றுக்கு ஒன்று. போதும்.

கத்தினார்கள், அழுதார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் டிவியில் கோச்சின் மூளையே மூளை என்றார்கள். யார் யாரோ வந்து வீடியோக்காரரைக் கட்டிப்பிடித்தார்கள். "நீங்கதான் சார் காப்பாத்தினீங்க" என்று பாதுகாப்பு ஆள்கூடக் கை கொடுத்தார். அவர் ஒவ்வொரு கையாக விலக்கிக்கொண்டு சிகிச்சை அறைக்குப் போனார்.

கதவு பாதி திறந்திருந்தது. தம்பி உயரமான மேஜையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எதிரே வியர்வை காயாத எஞ்சின். தம்பி அவன் கையைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எஞ்சின் "விடுங்க கேப்டன், விடுங்க" என்று மறுகையால் அவன் தோளைத் தட்டினான். வெளியே வரும்போது எஞ்சின் வீடியோக்காரருக்கு ஒதுங்கி வழிவிட்டான்.

டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நல்ல மனுஷர், ஆனால் மறைத்துப் பேசத் தெரியாதவர். "உள்ள சவ்வு தேஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணா நடக்கலாம், படி ஏறலாம். இந்த ஆட்டம் இனிமே ஆட முடியாது. பிடிக்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா ஓய்வு குடுத்தே சரி பண்ணியிருப்பேன். ஏன்பா ஒருத்தரும் சொல்லல?"

சொல்லிவிட்டு அவர் ஐஸ் எடுத்துவர வெளியே போனார். அண்ணனும் தம்பியும் தனியாக இருந்தார்கள். வெளியே இன்னும் பாட்டும் கூத்துமாக இருந்தது.

"உன்னை எடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன்டா" என்றார் வீடியோக்காரர்.

"எடுத்திருந்தா ரெண்டு மாசம் வீட்ல இருந்திருப்பேன்."

அவர் பாதி திறந்திருந்த கதவைச் சாத்தினார்.

"அவனை நான் சோம்பேறின்னேன். அத்தனை பேர் முன்னாடி. எனக்காக ஓடி ஓடி நாக்குத் தள்ளினவனை. அந்த வார்த்தையை என் வாயில வச்சது யாரு?" தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "டாக்டர்கிட்ட போகட்டுமான்னு உன்னத்தான் கேட்டேன். டாக்டரை நம்பல, கோச்சை நம்பல, என் முட்டியையே நம்பல. நீ சொன்னதை நம்பினேன்."

வீடியோக்காரர் அவன் காலருகே போய் நின்றார். தொடலாமா என்று கையை நீட்டினார். தம்பி காலை நகர்த்தவில்லை. ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"இனிமே என் ஆட்டத்தை நீ பாக்க வேணாம் அண்ணா" என்றான்.

பார்ப்பதற்கு அப்படி ஓர் ஆட்டம் இனி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் ஐஸ் பையோடு உள்ளே வந்தார். வீடியோக்காரர் "சரிடா" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.